ஊதச் சொல்லும் வேலை

என் மகளைப் பெண் பார்க்க ஆண்டிபட்டியிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரியில என்ன வேலையா இருக்கீக?" என்று கேட்டார்.

"வர்றவுகள ஊதச் சொல்றது" என்றேன்.

சாலையில் போலீஸ் பிடித்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, குடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஊதச் சொல்வார்களே, அந்த வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். "அப்ப நம்ம பக்கத்து ஆளுக மாட்டுனா பாத்து விட்ருவீகல்ல" என்றார். "பாத்துக்கலாம்" என்றேன். கல்யாணம் முடிகிறவரை நான் திருத்தவில்லை. சம்பந்தி வீட்டில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மரியாதை கிடைத்தது.

நான் செய்தது மூச்சுப் பரிசோதனை. தேனி அல்லிநகரத்தில் ஒரு சிறிய நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில், ஓய்வு பெறும்வரை அந்த ஒரே வேலையைத்தான் செய்தேன். போன மாதம் பழைய ஆட்களைப் பார்க்கலாம் என்று அந்தப் பக்கம் போனேன். என் காலத்து மெஷின் தையல் மெஷின் அளவுக்கு இருக்கும். இப்போது சோப்புப் பெட்டி அளவில் ஒன்று வந்திருக்கிறது. திரையில் மெழுகுவத்திப் படம் தெரிகிறது. நன்றாக ஊதினால் படத்தில் மெழுகுவத்தி அணைகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்பிள்ளைகளும் பட்டம் படித்தவர்கள்.

"பாதி ஆத்தாமாருக விளக்க ஊதி அணைக்க மாட்டேங்குறாக அண்ணே. பாவமாம்" என்று சிரித்தார்கள்.

"படத்த அமத்திட்டு வாயால கத்துங்க" என்றேன்.

"நீங்க எப்படிக் கத்துனீகன்னு எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல போடுறோம். ரெண்டு பக்கம் போதும்."

இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டிக்கொள்ளட்டும்.

நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். மூன்றாவது முறையும் உட்காரச் சொன்னபோது கம்பத்திலிருந்து கிளம்பிவிட்டேன். லாரியில் கிளீனராக இருந்தேன். வைகை அணைக்கு வருகிறவர்களிடம் மாங்காய்க் கீற்று விற்றேன். மலைமேல் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளினேன். அங்கே புகை அதிகம், சோறும் அதிகம், அதனால் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தேன். அங்கே என்னோடு இருமியவர்களில் மூன்று பேரைப் பின்னாளில் என் நாற்காலியில் உட்கார வைத்து ஊதச் சொன்னேன். பிறகு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்தேன். எழுந்ததும் ஒரு பஞ்சர் கடையில் சேர்ந்தேன். எந்த வேலையும் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. வேலை பிடிக்காமல் போனதில்லை. அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று தோன்றிவிடும், அவ்வளவுதான்.

கடைசியாக போடியில் ஜீப் நிற்கும் இடத்தில் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பூப்பாறை, சாந்தாம்பாறை, ராஜாக்காடு" என்று காலையிலிருந்து கத்த வேண்டும். ஜீப் நிறைந்தால் அடுத்த ஜீப். ஒருநாள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், கண்ணாடியும் கறுப்புப் பையுமாக, சாலையைக் கடந்து என்னிடம் வந்தார்.

"எந்த ஊருக்கு சார்?"

"ஊருக்கு இல்ல. உங்க சத்தம் எனக்கு வேணும். நாளைக்குத் தேனிக்கு வாங்க."

அவர்தான் எங்கள் பெரிய டாக்டர். சின்ன டாக்டர் என்று யாரும் கிடையாது. இருந்தாலும் எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்றே சொல்வோம். மூச்சுப் பரிசோதனைக்கு அவர் வைத்திருந்த பையன் படித்தவன், நல்லவன், ஆனால் கோயிலில் பேசுவது போலப் பேசுவானாம். நோயாளிகளும் அதற்கேற்ற மாதிரி ஊதினார்களாம். என்னை மதுரைக்கு மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே புரிந்தது பாதி, மனப்பாடம் செய்தது பாதி. திரும்பி வந்து அந்த நாற்காலிக்கு எதிரே நின்றேன். ஓய்வு வரை அங்கேயே நின்றேன். என்னை ஓரிடத்தில் கட்டிப்போட்டது அந்த வேலை ஒன்றுதான். காரணம் எளிது. நான் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கவில்லை. கூடலூரிலிருந்தும் மார்க்கையன்கோட்டையிலிருந்தும் எஸ்டேட்டுகளிலிருந்தும் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

பரிசோதனை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூக்கில் ஒரு கிளிப். வாயில் ஓர் அட்டைக் குழல். நெஞ்சு கொள்ளுகிற அளவுக்கு மூச்சை இழுக்க வேண்டும். இழுத்ததை ஒரே வெடியாக வெளியே தள்ள வேண்டும். தள்ளிவிட்டு நிறுத்தக் கூடாது. ஆறு விநாடியாவது, இனி ஒன்றும் இல்லை என்கிறவரை, ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் விநாடியில் வந்த காற்று எவ்வளவு, மொத்தம் வந்தது எவ்வளவு என்று மெஷின் அளக்கும். மொத்தத்தில் பத்துக்கு ஏழு பங்காவது முதல் விநாடியில் வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் குழாய்களில் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

இது எனக்குப் பஞ்சர் கடையிலேயே பழகிய விஷயம். டியூபில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது ஒரு கேள்வி. வால்வைத் திறந்தால் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது வேறு கேள்வி. வால்வில் மண் இருந்தால் நிறைந்த டியூபும் மெதுவாகத்தான் சீறும். பீடியும் அடுப்புப் புகையும் மில் தூசியும் அந்த மண்ணைப் போன்றவை. மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைப்போம். நன்றாகத் திறந்துகொண்டால் ஆஸ்துமாவாக இருக்கலாம். கொஞ்சம்தான் திறந்தது என்றால் நாள்பட்ட அடைப்பு.

இதெல்லாம் ஆள் முழு பலத்தோடு ஊதினால்தான். இரத்தப் பரிசோதனைக்கு நோயாளி கையை நீட்டினால் போதும். எக்ஸ்ரேக்கு அசையாமல் நின்றால் போதும். இங்கே நோயாளி உயிரைக் கொடுத்து ஊத வேண்டும், ஊத வைப்பதற்கு ஒருவன் எதிரே நின்று கத்த வேண்டும். "இழு, இழு, இன்னும் இழு, வெடி, ஊது ஊது ஊது, விடாத, இன்னும் இருக்கு, இருக்கு, இருக்கு." மலையாளத்திலும் ஊது என்றால் ஊதுதான், அதனால் எஸ்டேட்டுக்காரர்களிடமும் சிரமம் இல்லை. ஒரு முறை நான் கத்திய கத்தலில் நோயாளியோடு வந்த மருமகனும் சேர்ந்து ஊதி மயங்கி உட்கார்ந்தான். இன்னொரு முறை ஒருவர் ஊதியதில் பல்செட் குழலுக்குள் போய் மாட்டிக்கொண்டது. "நல்லா ஊதுனேனா?" என்று பொக்கை வாயோடு கேட்டார். அன்றைக்கு அவரளவுக்கு ஊதியவர் இல்லை.

பெரிய டாக்டர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பென்சிலால் வளைகோட்டின் மேலே காகிதத்தைத் தொடாமல் வரைந்து பார்ப்பார். மூன்று முறை ஊதியிருக்க வேண்டும். மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "இன்னொரு தடவ" என்பார். அவ்வளவுதான். விளக்கம் கேட்டால் அதையே மறுபடி சொல்வார்.

தினமும் காலையில் மூன்று லிட்டர் பம்பு ஒன்றால் மெஷினுக்குள் காற்றை அடித்து, மூன்று லிட்டர்தான் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமைகளில் நானே ஊதி என் அளவைச் சுவரில் உள்ள தாளில் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை சோம்பலில் பம்பை அடிக்காமல், அடித்ததாக எழுதிவிட்டேன். என் மூச்சை மட்டும் ஊதி எழுதினேன். டாக்டர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"செல்வம், போன வாரத்துக்கு இந்த வாரம் அரை லிட்டர் கூடியிருக்கே."

"ஆமா சார்."

"புது நுரையீரல் எங்க வாங்குனீங்க?"

மெஷின்தான் கூட்டிக் காட்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் பம்பை விட்டதில்லை. நான் தாளில் எழுதிய அடையாளத்தை அவர் நம்பித்தான் மருந்து எழுதுகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எங்களோடு இருந்த இன்னொருவர் அந்தோணியம்மா. சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமம். பரிசோதனை அறையைத் துடைப்பது, குழல்களை மாற்றுவது, நோயாளிகளை வரிசையில் உட்கார வைப்பது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே என்னை ஏலே என்று கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் பாடினால் பாட்டுக் குழுவே அடங்கிவிடும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

இனி பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போடியில் இலவம் பஞ்சு வேலை செய்தவர். காயை உடைத்து, பஞ்சைப் பிரித்து, விதையை எடுப்பார்கள். முப்பது வருட வேலை. வயது ஐம்பத்திரண்டு. பித்தப்பையில் கல். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் மயக்கம் என்று ஒரு வருடமாகப் பாதி ஆளாகியிருந்தார். மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் நெஞ்சில் விசில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மூச்சுப் பரிசோதனைத் தாள் வந்தால்தான் மேசையில் படுக்க வைப்பேன் என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. அவரும் அவர் வீட்டுக்காரர் வீரணனும் எங்களிடம் வந்தார்கள்.

முதல்நாள் எட்டு முறை ஊதினார். எட்டும் உதவவில்லை. நல்ல கோடு எடுத்த எடுப்பில் மலைபோல ஏற வேண்டும். இவருடைய கோடு மண்மேடு போல எழுந்தது. வெடிக்கவே இல்லை. வெடி என்று நான் கத்தும்போதெல்லாம் அவர் இடது கை தானாக முந்தானையை இழுத்து வாய்க்குக் கொண்டுபோனது.

"ஆத்தா, கைய எடுங்க."

"எடுத்துட்டேன் தம்பி." எடுத்துவிட்டு மறுபடி கொண்டுபோனார்.

"வீட்டுல என்னய ஏசும்போது மட்டும் நல்லா வெடிக்குறா" என்றார் வீரணன்.

மதியம் அவரிடம் பஞ்சுக் கொட்டகையைப் பற்றிக் கேட்டேன். அங்கே மின்விசிறி கிடையாது. பலமாக மூச்சு விட்டால் பிரித்த பஞ்சு பறந்துவிடும், அதனால் தும்மல் வந்தாலும் முந்தானைக்குள் விட வேண்டும். சிரித்தால்கூடத் திரும்பி உட்கார்ந்து சிரிக்க வேண்டும். "எம்புட்டுப் பேச்சு பேசுவோம், ஒரு இழை அசையாது" என்றார் பெருமையாக. எனக்கு விளங்கிவிட்டது. முப்பது வருடமாக ஊதாமல் இருக்கப் பழகிய ஆளை நான் ஒரு மணி நேரத்தில் ஊத வைக்கப் பார்க்கிறேன்.

அடுத்தநாள் ஒரு பழைய தலையணையைப் பிரித்து ஒரு கைப்பிடி இலவம் பஞ்சு கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஒரு முறத்தில் அதைக் கொட்டி, "இத ஊதுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பறந்துரும் தம்பி."

"பறக்கட்டும்."

"யாரு பொறுக்குறது?"

"நான் பொறுக்குறேன்."

மெதுவாக ஒரு ஊது. இரண்டு இழை எழுந்தது. அடுத்தது கொஞ்சம் பலமாக. மூன்றாவது முறை முறம் காலியாகிவிட்டது. காய்கிற வெள்ளைக் கோட்டு, ஜன்னல் கம்பி, என் தலை எங்கும் பஞ்சு. பேச்சியம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். கொட்டகையில் இப்படி ஒரு நாள் ஊதியிருந்தால் மேஸ்திரி முகம் எப்படி ஆகியிருக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பின் நடுவில் சட்டென்று நிறுத்தி, முழங்காலைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

உள்ளே போய் ஊத வைத்தேன். கோடு இப்போது மலைபோல ஏறியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் ஏறிய கோடு இரண்டாவது விநாடியில் வெட்டியது போல விழுந்துவிட்டது. மறுபடியும் அப்படியே. பாதியில் வாயை எடுத்துவிடுகிறார். ஆறு முறை, ஏழு முறை, நான் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் சீக்கிரமாக நிறுத்தினார்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் மெஷின் நல்ல பொய்யாகச் சொல்லும். கடைசியில் வர வேண்டிய காற்று கணக்கில் வராமல் மொத்தம் குறைந்துவிடும். மொத்தம் குறைந்தால் முதல் விநாடியின் பங்கு பெரிதாகத் தெரியும். அடைப்பு உள்ள ஆளும் நல்ல ஆளாகிவிடுவார். மெஷினும் அப்படித்தான் தாளின் அடியில் நார்மல் என்று அச்சடித்துத் தந்தது.

வீரணன் அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டார். "நார்மல்னு போட்ருக்குல்ல. டாக்டர்கிட்டக் கையெழுத்து வாங்கிக் குடுங்க, நாங்க மதுரைக்குக் கெளம்புறோம்."

எனக்கும் தொண்டை கட்டியிருந்தது. தாளின் ஓரத்தில், இப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமாக எழுதுவதுபோல, ஒத்துழைப்பு போதவில்லை என்று எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

பென்சில் கோட்டின் மேலே போய், கோடு விழுந்த இடத்தில் நின்றது. "வால் எங்க?"

கோட்டின் கடைசி நீட்டத்தை அவர் வால் என்பார். அடைப்பு உள்ளவர்களுக்கு அது நீளமாக இழுபடும்.

"நிறுத்திர்றாக சார். ஓரத்துல எழுதியிருக்கேன்."

"நிறுத்துறாங்கன்னு எனக்கே தெரியுது. ஏன்னு எழுதுங்க."

"ஒத்துழைக்க மாட்டேங்குறாக சார்."

"ஆபரேஷனுக்கு நாள் குறிச்ச ஆளு. அவங்க எதுக்கு ஒத்துழைக்காம இருக்கணும்?" தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இந்த நார்மல நம்பி மயக்க மருந்து குடுத்து, மேசையில மூச்சுக் குழாய் இறுகிப்போச்சுன்னா யாரு பொறுப்பு? இன்னொரு தடவ."

அன்றைக்கு இன்னொரு தடவைக்கு அந்த அம்மாளிடம் தெம்பு இல்லை. மறுநாள் வரச் சொன்னேன். ஆபரேஷனுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வீரணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச்சியம்மாள் எழுந்து, கொண்டு வந்த துணிப்பையைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து போனார்.

அந்தோணியம்மா நாற்காலியைத் துடைக்க வந்தார். துடைத்தார். மருந்து ஊற்றி மறுபடி துடைத்தார். பிறகு துணியை வாளியில் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏலே செல்வம். நீ கத்துற கத்துல அவளுக்கு ஒண்ணுக்கு வந்துருதுடா."

எனக்குப் புரியவில்லை.

"நாலு புள்ள பெத்தவ. இருமுனாலே கசியும். நீ வயிறு ஒட்ட ஊதச் சொன்னா நிக்குமா? அதான் பாதியில நிறுத்திர்றா. காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல அவ, கவனிச்சியா?"

"இருமுனா எல்லாத்துக்கும் வருமா?"

"எல்லாத்துக்கும்னா? எனக்கு வருது. நான் என்ன, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரியுறேன்?"

"இத்தன வருசமா ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சை ஊத வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்ட ஆள் நான். முறத்துக்கு முன்னால் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்ததை நேராகப் பார்த்தவனும் நான்தான். பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தவர்களும் ஆண்கள்தான்.

மறுநாள் அந்தோணியம்மா சொன்னபடி ஏற்பாடு செய்தோம். முதலில் பேச்சியம்மாளை அவர் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். நாற்காலியில் மடித்த துணி போட்டாயிற்று. மெஷின் திரையை வயர் எட்டுகிற தூரத்துக்கு இழுத்து, கதவிடுக்கு வழியாக வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். உள்ளே இரண்டு பெண்கள் மட்டும். குழலைப் பிடித்துக்கொண்டு அந்தோணியம்மா. நான் நடைபாதையில், சாத்திய கதவுக்கு வெளியே, இடுக்கில் ஒரு கண்ணை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இழு ஆத்தா, இழு, இன்னும் இழு, வெடி. ஊது, ஊது, ஊது, விடாத, விடாத ஆத்தா, இன்னும் இருக்கு, இருக்கு, அவ்வளவுதான், இன்னும் கொஞ்சம்."

பெஞ்சில் வீரணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "மொதப் பிரசவமா?" என்று கேட்டார்.

"இல்ல. ஊதுறா" என்றார் வீரணன்.

பெரியவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கோடு ஏறியது. இறங்கியது. விழவில்லை. மூன்று விநாடி, நான்கு, ஐந்து, வால் நீண்டுகொண்டே போனது, எட்டாவது விநாடியில்தான் நின்றது. உள்ளே அந்தோணியம்மா, "அம்புட்டுத்தான் தாயி, ஒண்ணும் ஆகல பாரு" என்றது கேட்டது. மூன்று முறை ஊதி மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தது. மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து, மறுபடி மூன்று.

பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பென்சில் வால் நுனிவரை போனது. நல்ல அடைப்பு. மருந்துக்குக் கொஞ்சம்தான் திறந்திருந்தது. தாளை அவர் என் பக்கம் திருப்பி வைக்கவில்லை. ஏன் முன்பு நிறுத்தினார் என்று ஓரத்தில் நான் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு, "பெண்கள் டாக்டருக்கும் ஒரு சீட்டு எழுதுறேன். அதுக்கும் பயிற்சி இருக்கு, வைத்தியம் இருக்கு" என்றார்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. வீரணனுக்குக் கோபம். "நார்மல்னு வந்ததக் கத்திக் கத்திக் கெடுத்துட்டீகளே" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. படுக்கப்போறது நான்" என்றார் பேச்சியம்மாள்.

இழுப்பு மருந்தை எப்படி உறிஞ்சுவது என்று பழக்கி, ஒரு மாதம் தினமும் எடுக்க வைத்து, மறுபடி ஊத வைத்து, தாளை மதுரைக்கு அனுப்பினோம். மயக்க மருந்து டாக்டர் அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்துகொண்டாராம். கல் எடுத்தாயிற்று. வலி போனதும் முதல் வேலையாக இரண்டு தோசை தின்றதாக வீரணன் போனில் சொன்னார். "அப்பறம் ஏசுனா. நல்லா இருக்கா" என்றார்.

அந்த மாதத்தில் நான் வேறொரு வேலையும் செய்தேன். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஒத்துழைப்பு போதவில்லை என்று என் கையெழுத்தில் இருந்தவற்றைத் தனியாகப் பிரித்தேன். ஒரு கட்டு சேர்ந்தது. ஆண்கள் சிலர், மற்றவர்கள் எல்லாம் பிள்ளை பெற்ற பெண்கள். சிலருக்கு நார்மல் என்றே போயிருந்தது. டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன். திட்டுவார் என்று நின்றேன். "கூப்பிடுங்க" என்றார்.

போன் நம்பர் இருந்தவர்களைக் கூப்பிட்டோம். இரண்டு பேர் உயிரோடு இல்லை. அவர்கள் எதனால் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிலர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ஏழு பெண்கள் வந்தார்கள். பெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தோணியம்மா ஒவ்வொருவரிடமும் குனிந்து, தணிந்த குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் முதல் அம்மாள். இரண்டாவது அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழு பேரும் இல்லை என்றே சொன்னார்கள். அந்தோணியம்மா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இப்படியே ஊத வைத்தால் அதே வெட்டுப்பட்ட கோடு ஏழு முறை கிடைக்கும். வெளியே நின்று கத்தியும் பயனில்லை.

அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்குப் பிந்திய பரிசோதனைக்குப் பேச்சியம்மாளும் வர வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தார். உடம்பு தேறி, புதுச்சேலை கட்டியிருந்தார். பெஞ்சில் இடமில்லை என்பதைப் பார்த்துவிட்டு, கழிப்பறைப் பக்கம் போய்விட்டு, நிதானமாக முகம் கழுவிக்கொண்டு திரும்பினார். நான் கதவருகே மெஷினில் அவர் உயரத்தையும் வயதையும் அடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி" என்றார். கொட்டகையில் பழகிய குரல் இல்லை. நடைபாதையின் அந்தக் கோடிவரை கேட்டது. "நான் ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டேன். துணியும் வச்சுருக்கேன். நீங்க வெளிய போயி நின்னு கத்துங்க."

பெஞ்சில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். அடுத்தவரும் சிரித்தார். நான் திரையை இடுக்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்படுவதற்குள், பெஞ்சிலிருந்து முதல் அம்மாள் எழுந்து, அந்தோணியம்மாவின் கையைப் பிடித்து, "ஒண்ணுக்குப் போற எடம் எங்கன இருக்கு?" என்று கேட்டார்.